எண்பதைத் தொட்டால் ஆடும் ஹேண்டில்பார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒரகடம் ஜங்ஷனைத் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில், நானும் என் மனைவி தேவகியும் ஒரு கிரைண்டரும் சாகப் பார்த்தோம்.

கிரைண்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்களுக்கும்தான். ஆனால் அன்றைக்கு வேறொன்று அடிபட்டுவிட்டது. அது தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன் - எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. பத்தொன்பது வயதில் கற்றுக்கொள்ளப் போனேன். கிளட்ச்சை மெதுவாக விடு என்றார்கள். மொத்தமாக விட்டேன். மணிமங்கலம் ஏரிக்கரையில் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதோடு சரி. எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது தேவகி. நான் பின்சீட்.

தேவகி ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்காகக் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய் ஒரு நாள் வண்டி வாங்கினாள். ஸ்கூட்டர் இல்லை சார்... நூற்றைம்பது சிசி கியர் வண்டி! அந்தக் கம்பெனி கேட்டில் கியர் வண்டியில் வந்து இறங்கிய முதல் பெண் அவள்தான். செக்யூரிட்டி, யாரோ பெரிய ஆபீசர் என்று சல்யூட் அடித்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி ஜடையை எடுத்து வெளியே போட்டதும், அடித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தாராம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. தொழிற்பேட்டையின் உள்ரோடுகள் ஞாயிறன்று காலியாகக் கிடக்கும். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தென்மாவட்டத்துப் பெண்கள், இந்த ஊர்ப் பெண்கள் என்று இதுவரை பதினோரு பேருக்கு அந்த ஒரே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பதினோரு பேரும் கீழே விழுந்தார்கள். பதினோரு பேரும் ஓட்டுகிறார்கள். பன்னிரண்டாவதாக நான் விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டாள்.

நான் பின்சீட்டில் உட்காரும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து வருவதே ஒரு செய்தி. அதில் ஒட்டி வேறு உட்கார்ந்தால்?

"ஏங்க, தள்ளி உக்காருங்க. ஷிப்ட் வுடுற நேரம். எங்க லைன் பொண்ணுங்க பாத்துச்சுங்கன்னா, நாளைக்கு நான் எப்படி அதுங்கள சத்தம் போட்டு வேலை வாங்குறது?"

நியாயம்தானே? அதனால் எங்களுக்கு நடுவில் எப்போதும் அவளுடைய லஞ்ச் பேக் உட்கார்ந்திருக்கும். நான் சீட்டின் கடைசி ஓரத்தில், பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்தபடி, கொஞ்சம் சாய்ந்து, சலூன் நாற்காலியில் ஷேவிங்குக்கு உட்கார்ந்தவன் போல வருவேன். இருபத்து நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் கடைசி ஏழு வருடம் இப்படித்தான் போயிருக்கிறது.

இப்போது கிரைண்டர் ஏறிய பெட்டிக்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வந்து பாருங்கள். டீப்பாய், கம்பெனியில் சரக்கு அடுக்கிக் கழித்த பாலெட் கட்டையில் செய்தது. வாசல் மிதியடி, அறுந்த கன்வேயர் பெல்ட். கறிவேப்பிலைச் செடி வளர்வது, என்றோ ஸ்பேர் பார்ட்ஸ் வந்து இறங்கிய நீல பிளாஸ்டிக் தொட்டியில். ஃபேக்டரி கழித்ததை நாங்கள் கழிப்பதில்லை. தேவகிக்கு லைன் சூப்பர்வைசராக பிரமோஷன் வந்தபோது, நானும் என் பங்குக்கு மண்ணூர் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். டூல்ஸ் வைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. என்ன கனம்! என்ன உறுதி! அதை எங்கள் மெக்கானிக் ஏழுமலையிடம் கொண்டுபோனேன். அவர் தடி இரும்பு ஆங்கிளில் ஒரு கேரியர் வெல்டிங் செய்து, டெயில் லைட்டையும் தாண்டிப் பின்னால் நீட்டி, அதன்மேல் பெட்டியை உட்கார வைத்தார்.

"யானையே ஏறி குந்தினாலும் அசையாது சார்" என்றார் ஏழுமலை.

மஞ்சள் பெயின்டில் 'தேவகி' என்று என் கையாலேயே எழுதினேன். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியில் முதல்முதலாக ஏறிய கனமான சரக்குதான் கிரைண்டர். வாலாஜாபாத்தில் அவளுடைய தோழி ஒருத்தி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோன பரிசு. மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர்தான், ஆனால் உள்ளே இருப்பது கல்லாயிற்றே. பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் பழைய துணி அடைத்து, மூடிப் பூட்டிக் கிளம்பினோம்.

ரோடு அகலம். வெயில் இதம். ஜங்ஷன் தாண்டியதும் முன்னால் ஒரு ட்ரெய்லர், வயிறு நிறையப் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகிறது. தேவகி இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் ஏறினாள். எழுபது... எழுபத்தைந்து... எண்பது. ட்ரெய்லரின் மூக்கைத் தாண்டினோம். அதுவரை மறைத்திருந்த காற்று பக்கவாட்டில் வந்து மோதியது.

முதலில் எனக்குக் கீழே ஏதோ நெளிந்தது. பின்டயர் இடுப்பை ஆட்டுவது மாதிரி. அடுத்த நொடி ஹேண்டில்பார் இடமும் வலமுமாகத் தலையை உதற ஆரம்பித்தது. நம்புங்கள், வண்டி 'மாட்டேன் மாட்டேன்' என்றது. பின்னால் ட்ரெய்லரின் ஹாரன் காதைக் கிழிக்கிறது. நான் என்ன செய்தேன்? என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன்.

"பிரேக்! தேவகி, பிரேக்!" என்று கத்தினேன்.

அவள் பிரேக் பிடிக்கவில்லை. எண்பதிலிருந்து எழுபது, அறுபது என்று வேகம் தானாக வடிந்தது. ஐம்பதுக்கு வந்தபோது, உதறிய ஹேண்டில் எப்படி ஆரம்பித்ததோ அப்படியே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அடங்கிவிட்டது. ட்ரெய்லர்காரர் எங்கள் இரண்டு குடும்பத்தையும் திட்டிக்கொண்டே கடந்துபோனார்.

ஓரம் கட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கை வுட்டுடுச்சுங்க" என்றாள். "கெட்டியா புடிக்கணும்னு தெரியுது. ஆனா கை தானா தளந்துபோச்சு. உங்கள பின்னால வெச்சிகினு புடியை வுட்டுட்டேன்."

நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்ததால் மூடிக்கொண்டேன்.

முப்பதிலேயே உருட்டிக்கொண்டு விழாவுக்குப் போனோம், கிரைண்டரைக் கொடுத்தோம், போட்டோவில் சிரித்தோம். பெட்டி காலி என்பதாலோ, முப்பதைத் தாண்டாததாலோ, வரும்போது ஒன்றும் ஆடவில்லை.

மறுநாள் வண்டியை ஏழுமலை கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் முன்வீலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"கோன்செட்டு லைட்டா தேஞ்சிகீது சார். மாத்திடறேன்."

கோன்செட் என்பது ஹேண்டிலும் முன்வீலும் சேர்ந்து திரும்புகிற கழுத்துக்குள் இருக்கும் பேரிங். மாற்றினார். நான் பக்கத்தில் நின்று யோசனை சொன்னேன் - "நல்லா டைட் வையுங்க ஏழுமலை. இனிமே அது ஆடவே கூடாது." அவரும் நல்ல மனிதர், நான் சொன்னபடியே ஒரு சுற்று கூடவே முறுக்கினார். பிறகு தனியாக ஏறி, டீக்கடை வரை போய் வந்தார்.

"வண்டில ஒண்ணியும் இல்ல சார். வெண்ண மாரி போவுது. அக்காக்குத்தான் இன்னாவோ பயம் பூந்துகினு கீது."

வண்டியை எடுக்க வந்த தேவகி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள்.

"வண்டில ஒண்ணும் இல்லன்னா, அப்ப கோளாறு எங்கிட்டதான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. லைனில் ரிஜெக்ட் ஆன பீஸைத் தனியாக எடுத்து வைப்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். சாயங்காலம் வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். "நாப்பதுலயே நேரா போவ மாட்டுது. அது ஒரு பக்கம் இழுக்குது, நான் ஒரு பக்கம் இழுக்கறேன். நாப்பத்தேழு வயசாச்சு... போதும்" என்றாள். அதற்கடுத்த நாள் விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். ஏழு வருடம் கழித்து.

இதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகிவிடும் என்று எழுத்து வேலையில் மூழ்கிவிட்டேன். வியாழக்கிழமை அவளுடைய போனில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வர இருந்த இரண்டு பெண்களிடம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேற யார்கிட்டயாச்சும் கத்துக்குங்கடி. புடியை வுட்டவகிட்ட இன்னாத்த கத்துக்கப் போறீங்க?"

போனை வைத்துவிட்டு என்னிடம், "வண்டிய யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்" என்றாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். சல்யூட் வாங்கிய பெண் அவள்! அவளை அந்த வண்டியிலிருந்து இறக்கிவிட்டால், அப்புறம் வீட்டில் சூப்பர்வைசர் மட்டும்தான் இருப்பாள், தேவகி இருக்க மாட்டாள். அன்றைக்கு உண்மையாகவே பயந்தேன்.

எசக்கியம்மாளுக்கு போன் செய்தேன்.

எசக்கி, தென்காசிப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்து, சேரப்பணஞ்சேரியில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, மூன்று வருடம் தேவகியின் லைனில் ஒயர் கட்டினாள். பதினோரு மாணவிகளில் நான்காவது. அந்த வண்டியில் ஏறியவளுக்கு இறங்க மனமில்லாமல், பார்ட் டைமில் படித்து, இப்போது ஒரு பைக் கம்பெனியில் வேலை. என்ன வேலை? புது வண்டிகளை டிராக்கில் வேகமாக ஓட்டிப் பார்த்து, இது ஆடுகிறது, இது ஆடவில்லை என்று எழுதித் தருகிற வேலை! இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று நான் வாயைப் பிளந்த நாள் ஞாபகம் இருக்கிறது.

நடந்ததை முழுக்கக் கேட்டாள். அப்புறம், "சார், வீட்டுல எடை பாக்குற மிஷினு இருக்கா? பழைய சைக்கிள் ஒண்ணு? ஒரு கயிறு?" என்றாள்.

எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் தொப்பையைக் கண்காணிக்க வாங்கியது. தொப்பை வளர்ந்ததும் அதை அடியில் தள்ளிவிட்டோம். சைக்கிள் பக்கத்து வீட்டில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எசக்கி வந்தாள். விஷயம் கேள்விப்பட்டு, தான் போட்ட கோன்செட்டுக்கு வக்காலத்து வாங்க ஏழுமலையும் வந்துவிட்டார். தேவகி சமையலறையை விட்டு வரவில்லை. பாத்திரங்கள் மட்டும் பேசின.

எசக்கி முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்னைப் பின்னால் அழுத்தச் சொன்னாள். முன்வீல் தூக்கியது. ஒற்றை விரலால் ஹேண்டிலை மெல்லத் தட்டினாள். அது பாதி திரும்பி, அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியளா? இது தன்னால ஒரு பக்கம் போயி விழணும். நடுவழியில நிக்கி. யாரு இம்புட்டு முறுக்குனது?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன்.

அவளே ஸ்பானரை வாங்கி நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினாள். மறுபடி விரலால் தட்டினாள். ஹேண்டில் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல அலுங்காமல் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னொரு தட்டு - வலப்பக்கம். முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள், லூஸும் இல்லை. "நாப்பதுல நேரா போவாததுக்கு இதாம் காரணம். எண்பதுல ஆடுனதுக்கு வேற இருக்கு" என்றாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. தேவகி வாசல்படிக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, வாங்க. ஓட்டாண்டாம். சும்மா ஏறி உக்காந்தாப் போதும்."

முன்வீலுக்கு அடியில் எடை மெஷின். பின்வீலுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு பாலெட் கட்டை. எசக்கி பக்கவாட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ள, தேவகி ஏறி உட்கார்ந்தாள். ஏழுமலை குனிந்து முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னார்.

"இப்ப சார் ஏறுங்க. எப்பவும் உக்காருத மாதிரியே உக்காருங்க."

லஞ்ச் பேக்கை நடுவில் வைத்து, கடைசி ஓரத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துச் சாய்ந்தேன். நான் எண்பத்திரண்டு கிலோ. முள் ஏற வேண்டுமா இல்லையா?

"கொஞ்சம் எறங்கிகீதே!" என்றார் ஏழுமலை.

"இப்ப கிரைண்டரை எடுத்துட்டு வந்து பெட்டில வையுங்கண்ணே."

எங்கள் வீட்டு கிரைண்டரை அவர் தம் கட்டித் தூக்கிவந்து பெட்டிக்குள் இறக்கினார். மறுபடி போய்க் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னாடா இது... வெயிட்டு ஏத்தினா முள்ளு எறங்குது! நல்லா எறங்குது! மிஷினு பூட்ச்சு சார்."

நம்பாமல், எங்களை இறக்கிவிட்டுத் தானே மெஷின்மேல் ஏறி நின்று பார்த்தார். மெஷின் சரியாக இருந்தது. மறுபடி எங்களை ஏற்றி, மறுபடி பார்த்தார். சுமை ஏற ஏற, முன்வீல் லேசாகிக்கொண்டே போகிறது. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கும்தான். கண்ணெதிரே நடக்கிறது, கணக்கு மட்டும் உதைக்கிறது!

"சீசா பலகை சார்" என்றாள் எசக்கி. "பின்வீலு நடுக்கட்டை. அதுக்குப் பின்னால எதை வெச்சாலும் முன்னால தூக்கும். பெட்டி அங்கன, கிரைண்டர் அங்கன, நீங்களும் ஓரத்துல போயி சாஞ்சு உக்காருதீய. முன்வீலு ரோட்டைத் தொட்டும் தொடாமயும் போவுது. எண்பதுல, ட்ரெய்லர் காத்துல, ஆடாம என்ன செய்யும்? ஏழுமலையண்ணே தனியா, காலிப் பெட்டியோட, டீக்கடை வரைக்கும் போனா எப்பிடித் தெரியும்?"

ஏழுமலை எழுந்து நின்று, தான் வெல்டிங் செய்த கேரியரைத் தடவினார். "சார்... பொட்டி சார்... நம்ம பொட்டிதான் சார்!" என்றார். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது. இரண்டு கொலையாளிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஏதாவது தப்பாகப் போனால் முதலில் மெஷினைச் சந்தேகிக்கிறோம். மெஷின் சரி என்றால் ஓட்டுகிறவளைச் சந்தேகிக்கிறோம். அவளும் தன்னைத்தானே சந்தேகித்துக்கொள்கிறாள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டே வருகிறவன்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஏன்?

ஆனால் தேவகியின் முகம் இன்னும் தெளியவில்லை.

"சரி, பொட்டிதான் ஆட்டுச்சு. ஒத்துக்கறேன். ஆனா ஆடும்போது நான் புடியை வுட்டேன் இல்ல? அது பொட்டியா வுட்டுச்சு?"

எசக்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு தொழிற்பேட்டை உள்ரோட்டுக்குப் போனாள். காலி ரோடு. இரண்டு பக்கமும் ஃபேக்டரிச் சுவர். சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், ஓடினாள்... விட்டுவிட்டாள்.

சைக்கிள் தனியாகப் போயிற்று.

ஆள் இல்லை. பிடிக்கக் கை இல்லை. இடப்பக்கம் சாயப் பார்த்தது - ஹேண்டில் தானாக இடப்பக்கம் திரும்பியது - சைக்கிள் நிமிர்ந்தது. வலப்பக்கம் சாயப் பார்த்தது - ஹேண்டில் தானாக வலப்பக்கம் - மறுபடி நிமிர்ந்தது. விழப்போகிற பக்கம் திரும்பித் திரும்பித் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு, யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் ஓட்டுவது போல அந்த ஒற்றைச் சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை ஆயிரம் சைக்கிள்களைப் பார்த்திருப்பேன் இந்த ஐம்பத்தொரு வயதில்? ஒன்றையாவது பார்த்திருக்கிறேனா? வேகம் குறைந்த பிறகுதான் அது மெதுவாக வட்டமடித்துப் படுத்தது.

"அடேங்கப்பா..." என்றார் ஏழுமலை. முப்பது வருட மெக்கானிக்.

எசக்கி அதை எடுத்துவந்தாள். இப்போது கயிற்றை எடுத்து, ஹேண்டில் இப்படி அப்படி அசையாதபடி சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அதே மாதிரி ஓடினாள். அதே வேகம். விட்டாள்.

நாலு தப்படிகூடப் போகவில்லை. தடாலென்று விழுந்தது.

"பாத்தியளாக்கா? அசையாமப் புடிச்சா விழுந்துரும். அதை அதுபாட்டுக்கு விட்டாத்தான் அதுவே சரி பண்ணிக்கிடும். டிராக்குல எங்களுக்கு மொத பாடமே இதான். வண்டி தலைய ஆட்டுனா இறுக்கிப் புடிக்கக் கூடாது, படக்குன்னு பிரேக் அடிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரை மெதுவா விட்டு கையைத் தளத்தணும். புதுசா வாரவங்களுக்கு அது வரவே வராது. உசுரு பயத்துல கை தானா இறுகும். சார் சொன்ன மாதிரி அன்னைக்கு நீங்க பிரேக்கை அமுக்கியிருந்தா..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு யாரும் அப்படி சொல்லித் தரலியே" என்றாள் தேவகி.

"நீங்கதானக்கா எனக்குச் சொல்லித் தந்தீய! இதே ரோடு. மொத நாளு. நான் ஹேண்டிலை நெரிச்சுட்டு உக்காந்திருந்தேன். 'கோழிக்குஞ்சைப் புடிக்கிற மாரி புடிடி. நசுக்குனா செத்துடும்'னு சொல்லி என் கையில ஒரு அடி போட்டீய. ஞாபகம் இல்லியா? அன்னைக்கு உங்க கை தோக்கலக்கா. மூளை பயந்துச்சு, கை பயப்படல. அதாம் இன்னைக்கு நாம இங்கன நின்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

தேவகி மறுபடியும் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பார்த்தாளே, அதே கைகள். இத்தனை நாள் குற்றவாளிகளாக மடியில் கிடந்தவை. பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தை அந்தக் கைகளுக்குள்ளேயே புதைத்துக்கொண்டு அழுதாள். எசக்கி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏழுமலை சைக்கிள் கயிற்றை ரொம்ப அக்கறையாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவளைப் பார்த்துப் பிரமித்துப் போய் நின்றேன். இத்தனை வருடமாக இந்தக் கைகளுக்குப் பின்னால் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்து வந்திருக்கிறேன். சாவு பக்கத்தில் வந்தபோது நான் கத்தினேன். இந்தக் கைகள் வேலை பார்த்தன. அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல், 'நல்லா டைட் வையுங்க' என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் மளமளவென்று வேலை நடந்தது. ஏழுமலை தன் கையால் வெல்டிங் செய்த கேரியரைத் தன் கையாலேயே அறுத்தார். பின்டயருக்கு இரண்டு பேருக்கான காற்று - நாங்கள் எப்போதும் ஒருவருக்கானதைத்தான் வைத்திருந்தோம். பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இரண்டு பேர் கனத்துக்கு ஏற்றி வைத்தாள் எசக்கி.

"போயிட்டு வாங்கக்கா" என்று சாவியை நீட்டினாள்.

வாலாஜாபாத் ரோட்டோர டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். தேவகி தனியாகப் போனாள். போய்த் திரும்பி எதிர்ப் பக்கத்தில் வருவாள். ஐந்து நிமிடம்... ஏழு நிமிடம்... டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. அப்போது தூரத்தில் ஒரு ட்ரெய்லர் தெரிந்தது, அதே மாதிரி கார் ஏற்றியது. அதன் பின்னாலிருந்து ஒரு வண்டி இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் ஏறியது.

ட்ரெய்லரின் மூக்கைத் தாண்டியது. எனக்குத் தெரியும், அங்கேதான் காற்று வந்து மோதும். வண்டி ஒரு இம்மி அசைந்தது. ஹேண்டில் அதைத் தானாக வாங்கிக்கொண்டது. நூல் பிடித்த மாதிரி நேராக எங்களைக் கடந்துபோனாள். போகிற போக்கில் ஹாரனை இரண்டு முறை அடித்தாள் பாருங்கள்... எசக்கி விசிலடித்தாள். ஏழுமலை டீ கிளாஸோடு கை தட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

"எம்பதுங்க!" என்றாள் வந்ததும். "எம்பதுல ரெண்டு வெரலால புடிச்சிருந்தேன்னா நம்புவீங்களா?"

வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டாவது, பதிமூன்றாவது மாணவிகள் முறைப்படி ஒவ்வொரு தடவை விழுந்துவிட்டார்கள். மஞ்சள் எழுத்தில் 'தேவகி' என்று எழுதிய இரும்புப் பெட்டி வாசலில் இருக்கிறது. அதில் பிரண்டை நட்டிருக்கிறோம்.

எசக்கி வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை காலை, வழக்கம்போல என்னைப் படப்பை பஸ் ஸ்டாண்டில் விடக் கிளம்பினாள். நான் வழக்கம்போலக் கடைசி ஓரத்தில் உட்கார்ந்து, நடுவில் லஞ்ச் பேக்கை வைத்தேன். வண்டி நகரவில்லை.

"அது எதுக்கு நடுவுல? தோள்ல மாட்டிக்குங்க. முன்னாடி வாங்க... இன்னும்... ஒட்டி உக்காருங்கன்றேன்!"

"ஷிப்ட் நேரமாச்சே தேவகி..."

சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் பூரா அவளுடைய லைன் பெண்கள். "ஓஓஓ..." என்று ஒரே சத்தம்.

"பாக்கட்டும்" என்றாள் தேவகி, கியரைத் தட்டிக்கொண்டே. "வண்டி ஆடாம போவணுமா வேணாமா?"

இருபத்து நான்கு வருடக் கல்யாணத்தில் விஞ்ஞானம் எனக்கு ஒத்தாசை செய்தது இதுதான் முதல் தடவை.